குழலளவும் குறியும்

துவக்கு என்னும் சொல் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் இனிய நினைவுகளை எழுப்பும் சொல்லன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் ஓசையைச் செவியாரக் கேட்ட ஊர்கள் இவை. வெடிச்சத்தம் எழுந்தால் கதவைச் சாத்தி விளக்கை அணைத்த தலைமுறை கல்முனையிலும் சவளக்கடையிலும் இன்றும் வாழ்கின்றது. அப்போருக்கு முன்னரும் துவக்கு என்றால் வேளாண்மை வயலைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்கும் கருவி என்பதே மக்கள் அறிந்த பொருள். ஆயின் அதே கருவிக்கு மூன்றாவது வரலாறு ஒன்றும் உண்டு. எவரையும் வீழ்த்தாமல், எதனையும் விரட்டாமல், நெடுந்தொலைவில் நாட்டப்பட்ட ஒரு கடதாசிக் குறியை மட்டும் நாடிச் செல்லும் குண்டின் வரலாறு அது. அவ்வரலாற்றின் நடுவே நிற்கும் கேள்வி மிகச் சிறியது: குழலின் வாய் எவ்வளவு அகன்றிருத்தல் வேண்டும்?

இக்கேள்வியின் அருமையை உணர வேண்டுமாயின் முதலில் தொலைவை உணர வேண்டும். கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாகச் சவளக்கடைக்குச் செல்வோர் நீர்ப்பரப்பையும் வயல்வெளியையும் கடந்தே செல்வர். அவ்வெளியில் ஒரு வரம்பில் நின்றுகொண்டு, 1000 யார், அதாவது 914 மீற்றர், தொலைவிலுள்ள வேறொரு வரம்பை நோக்கினால், அங்கு நிற்பவர் தமக்கு அறிமுகமானவர்தாமா என்று கூறுதல் அரிது. அவர் விரித்துப் பிடித்த குடை ஒரு கரும்புள்ளியாகவே தோன்றும். நெடுந்தூரக் குறிசூட்டுப் போட்டியில் அத்தொலைவில் வைக்கப்படும் குறியின் நடுவட்டம் அக்குடையினும் சிறியது. ஏறத்தாழ இரண்டடி விட்டமுடையது. குண்டு அங்கே சென்று சேர ஒன்றரை விநாடியளவு ஆகும். அவ்வொன்றரை விநாடியும் காற்று அதனைத் தள்ளும். நிலம் அதனை ஈர்க்கும். இவ்விரண்டையும் தாங்கிச் செல்லத்தக்க குண்டு எது என்பதே ஏறக்குறைய 170 ஆண்டுகளாக வல்லுநர் ஆய்ந்துவரும் பொருள்.

குழலின் உள்விட்டத்தை ஆங்கிலேயர் ‘கலிபர்’ என்பர். அதனை அவர்கள் அங்குலத்தின் பின்னமாகவும், ஐரோப்பாவின் ஏனைய நாட்டவர் மில்லிமீற்றராகவும் கூறுதல் வழக்கம். ஆகவே, புள்ளி மூன்று சுழியம் மூன்று என்று கூறப்படும் துவக்கின் குழல்வாய் ஓர் அங்குலத்தில் பத்தில் மூன்று பங்கினும் சற்றே மிகுந்தது எனக் கொள்ளலாம். நெல்மணி ஒன்றை நெடுக்காக வைத்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் அகலம்.

பழங்காலத்துத் துவக்குகளின் வாய் இவ்வாறு சிறுத்திருக்கவில்லை. துவக்கு, துப்பாக்கி என்னும் சொற்கள் துருக்கி மொழிச் சொல்லொன்றிலிருந்து பல நாடுகளின் வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தவை. கருவியும் அவ்வாறே பல கைகள் மாறி வந்தது. 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த பின்னர், இந்நாட்டுக் கொல்லர் துவக்குச் செய்யும் கலையை விரைந்து கற்றனர். பிளவுண்ட அடிக்கட்டையும் இடப்புறம் பொருத்திய விசையும் உடைய கண்டி நாட்டுத் துவக்குகளை இன்றும் அரும்பொருட்காட்சிச்சாலைகளில் காணலாம். ஆயினும் அக்காலத்துத் துவக்குகளின் குழல், ஆசியாவிலாயினும் ஐரோப்பாவிலாயினும், பெரும்பாலும் உட்புறம் வழவழப்பானது. உள்ளே இட்ட குண்டு உருண்டையானது. ஆங்கிலப் படையின் பழைய துவக்கின் குழல்வாய் முக்கால் அங்குலம். அதிலிருந்து வெளிப்படும் ஈய உருண்டை, குழலுள் இங்கும் அங்கும் மோதி, இறுதியில் எப்பக்கம் மோதியதோ அதற்கேற்பத் திசைமாறிச் செல்லும். 100 யாருக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிவைத்துச் சுடுதல் வீண் என்பதே அன்றைய போர்வீரரின் எண்ணமாயிருந்தது.

குழலின் உட்புறத்தே சுருள்சுருளாக வரிகளை வெட்டிக் குண்டைச் சுழலச் செய்தால் அது நேர்செல்லும் என்பது நெடுங்காலமாகவே அறியப்பட்ட உண்மை. பம்பரம் சுழலும்வரை சாயாது நிற்பதைக் கண்ட சிறுவரும் இதனை எளிதில் உணர்வர். அவ்வாறு வரி வெட்டிய துவக்கே றைபிள். 1853ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஏற்றுக்கொண்ட என்பீல்ட் றைபிளின் குழல்வாய் 0.577 அங்குலம். குண்டும் உருண்டையாக இல்லாது நீண்டு, முனை குவிந்து அமைந்தது. பழைய துவக்குடன் ஒப்பிட இஃது ஒரு பெரும் முன்னேற்றம். எனினும் இதன் அளவுகள் யாவும் பழக்கத்தினாலும் ஊகத்தினாலும் வந்தவையேயன்றிச் சோதித்து அறிந்தவை அல்ல.

அவ்வளவுகளைச் சோதித்து அறியும் பணி 1854ஆம் ஆண்டில் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் படைவீரருமல்லர்; துவக்குச் செய்வோருமல்லர். மான்செஸ்டர் நகரில் இயந்திரங்கள் செய்த யோசப் விற்வேர்த் என்பவரே அவர். திருகாணிகளின் புரிகளுக்கு ஒரே அளவு வகுத்தவர். அங்குலத்தின் பத்திலட்சத்தில் ஒரு பங்கையும் அளக்கும் கருவி சமைத்தவர். அளக்காத எதனையும் அவர் நம்புவதில்லை. ஆகவே, துவக்கு ஒன்றைச் செய்வதற்கு முன்னர், 500 யார் நீளமான, மேலும் பக்கமும் மூடிய கூடமொன்றை அமைத்தார். காற்றுப் புகாத அக்கூடத்தில் இடையிடையே மெல்லிய கடதாசித் திரைகளைத் தொங்கவிட்டு, அவற்றினூடே குண்டுகளைச் செலுத்தினார். ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளையே குண்டு சென்ற வழியைக் காட்டிற்று. நேராகச் சென்ற குண்டு வட்டத் துளையிட்டது. தள்ளாடிச் சென்ற குண்டு நீள்துளையிட்டது. இவ்வாறு குண்டு பறக்கும் வழியைக் கண்ணால் காண முடிந்தது.

அவர் கண்ட முடிபு அன்றைய எண்ணத்திற்கு நேர்மாறானது. குழல்வாய் 0.577 அங்குலம் இருத்தல் வேண்டியதில்லை, 0.451 அங்குலமே போதும். குண்டின் எடையைக் குறைக்காது, இரு குண்டும் 530 கிறெயின் நிறையுடனே இருக்கட்டும். ஆயின் அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுக. நீண்ட குண்டு தள்ளாடும் இயல்புடையது. ஆகவே அதனை இன்னும் விரைவாகச் சுழற்றுக. என்பீல்ட் குழலில் குண்டு ஒருமுறை சுழல்வதற்கு 78 அங்குலம் வேண்டும். விற்வேர்த்தின் குழலில் 20 அங்குலத்திலேயே ஒரு சுழற்சி நிறைவுறும். குழலின் உட்புறத்தையும் வட்டமாக விடாது ஆறுபட்டையாக அமைத்து, குண்டையும் அவ்வடிவத்திலே வார்த்தார்.

இதிலுள்ள நுட்பத்தைக் கரையோர மக்களுக்கு விளக்குதல் எளிது. ஒரே எடையுள்ள இரண்டு மரங்களில் ஒன்றை அகன்ற தெப்பமாகவும் மற்றொன்றை ஒடுங்கிய தோணியாகவும் செய்து, இரண்டையும் ஒரே வலுவுடன் தள்ளினால், தெப்பம் விரைவில் நிற்கும். தோணி நெடுந்தூரம் செல்லும். நீரை எதிர்கொள்ளும் முகம் தோணிக்குச் சிறியது. காற்றும் நீரைப் போன்றதே. விட்டம் சற்றுக் கூடினும் முகத்தின் பரப்பு மிகுதியாகக் கூடுமாதலால், 0.577 அங்குலக் குண்டின் முகம் 0.451 அங்குலக் குண்டின் முகத்தைப் போல ஒன்றரை மடங்கிற்கும் மேலானது. எடையோ ஒன்றே. எனவே, பருத்த குண்டு விரைவை இழந்து, காற்றுக்கு இரையாகின்றது. மெலிந்த குண்டு தன் விரைவைக் காத்துச் செல்கின்றது. பெரிய வாயே பெரிய வலிமை என்று எண்ணியிருந்தோருக்கு இஃது ஏற்கத் தகாததாகவே தோன்றிற்று.

1857ஆம் ஆண்டில் ஹைத் என்னுமிடத்துப் படைப்பள்ளியில் இரு றைபிள்களும் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. குண்டுகள் தம் நடுவிடத்திலிருந்து சராசரியாக எவ்வளவு விலகின என்பதே அளவுகோல். 500 யாரில் என்பீல்ட் 2.24 அடி விலகிற்று, விற்வேர்த் 0.37 அடியே விலகிற்று. 800 யாரில் முன்னது 4.11 அடி, பின்னது ஒரே அடி. 1100 யாரில் முன்னது 8.04 அடி, பின்னது 2.62 அடி. 1400 யாரில் விற்வேர்த் 4.62 அடி விலகி நின்றது. என்பீல்டின் குண்டுகளோ குறியில் அளக்கத்தக்கவாறு விழவேயில்லை.

இவ்வளவு தெளிவான வெற்றி கிட்டியபின்னும் ஆங்கிலப் படை அந்த றைபிளை ஏற்கவில்லை. மறுத்தமைக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. அக்காலத்துக் கரிய வெடிமருந்து எரிந்தபின் பெருங்கசடு விட்டுச் செல்லும். குண்டையும் மருந்தையும் குழலின் முன்வாய் வழியே திணிக்க வேண்டிய காலம் அது. ஒடுங்கிய குழலில் சில சூடுகளிலேயே கசடு படிந்து, அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். போர்க்களத்தில் நிற்பவன் ஒவ்வொரு சூட்டின் பின்னும் குழலைத் துடைத்துக்கொண்டிருக்க இயலாது. விலையும் என்பீல்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே, தொலைவில் தோற்ற றைபிளே படையின் கையில் நிலைத்தது.

அந்த என்பீல்டின் தோட்டா அதே 1857ஆம் ஆண்டில் இந்தியாவில் வேறொரு வகையால் வரலாற்றில் இடம்பெற்றது. குண்டு குழலுள் எளிதாக இறங்கும்பொருட்டு, தோட்டாவின் கடதாசியில் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அதனைப் பல்லால் கடித்துத் திறத்தல் வேண்டும். அக்கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி பரவியபோது, இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒருங்கே மறுத்தனர். மே மாதம் 10ஆம் நாள் மீரட்டில் எழுச்சி மூண்டது. அவ்வெழுச்சிக்குக் காரணங்கள் பல. தோட்டா அவற்றுள் ஒன்றே. ஆயினும் குழலளவும் குண்டளவும் வகுத்தவர்கள், அத்தோட்டாவைக் கடிக்கப்போகும் வாய் யாருடையது என்று கேட்க மறந்தனர் என்பது மறுக்கவியலாதது.

படை கைவிட்ட றைபிளைப் போட்டிக்களம் ஏற்றது. இங்கிலாந்தின் தேசிய றைபிள் சங்கம் தன் முதலாவது கூட்டத்தை 1860ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் நாள் விம்பிள்டன் வெளியில் நடாத்தியது. விக்ரோறியா மகாராணி, தாங்கியில் இறுகப் பொருத்திய விற்வேர்த் றைபிளின் விசையைப் பட்டுக்கயிற்றால் இழுத்து முதற்சூட்டைச் சுட்டார். 400 யார் தொலைவிலிருந்த குறியின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றரை அங்குலத்திற்குள் குண்டு பாய்ந்தது. அவ்வாண்டு மகாராணி பரிசுப் போட்டியின் முற்பகுதி என்பீல்டினாலும், 800, 900, 1000 யார்த் தொலைவுகளுக்குரிய பிற்பகுதி விற்வேர்த்தினாலும் நடைபெற்றன. கிட்டிய தொலைவிற்கு ஒன்றும் எட்டிய தொலைவிற்கு ஒன்றுமாகக் குழலளவு தேர்தல் இவ்வாறு தொடங்கிற்று. 1862இல் இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடையே எல்கோ கேடயப் போட்டி எழுந்தது. 1871இல் இந்தியாவின் கோலாப்பூர் அரசரின் கொடையாகக் கோலாப்பூர்க் கிண்ணம் வந்தது. அது பேரரசின் பல நாட்டு அணிகளும் தம்முள் பொருதும் கிண்ணமாக வளர்ந்தது.

குழலளவு பற்றிய கேள்வி இவ்வாறு ஏறக்குறைய முடிவுற்றது போலத் தோன்றிய காலத்தில், அளவு மட்டும் வெற்றி தராது என்பதை உணர்த்தும் நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. 1873இல் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்து அணி, அமெரிக்கரைப் போட்டிக்கு அழைத்தது. 1874ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 26ஆம் நாள், நியூயோர்க்கிற்கு அருகேயுள்ள கிறீட்மூர் வெளியில் இரு அணிகளும் எதிர்நின்றன. அணிக்கு அறுவர்; 800, 900, 1000 யார் ஆகிய மூன்று தொலைவுகளிலும் ஒவ்வொருவருக்கும் 15 சூடுகள். அயர்லாந்தர் கையில் முன்வாய் வழியே மருந்திடும் றிக்பி றைபிள்கள். அமெரிக்கர் கையில் பின்புறம் திறந்து தோட்டாவிடும் புதிய றெமிங்டன், ஷார்ப்ஸ் றைபிள்கள். குழல்வாயோ இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அங்குலத்தின் நூறில் 44 அல்லது 45 பங்கு.

அமெரிக்கர் 934 புள்ளி பெற்றனர், அயர்லாந்தர் 931. வேறுபாடு மூன்றே புள்ளி. அயர்லாந்து அணியைச் சேர்ந்த மில்னர் என்பவர் ஒருமுறை நடுவட்டத்தைத் துல்லியமாகத் துளைத்தார். ஆயின் அது அவருக்குரிய குறியன்று, அடுத்த குறி. நடுவட்டத்திற்குரிய நான்கு புள்ளி கிட்டாது போயிற்று. அந்நான்கும் கிடைத்திருந்தால் அயர்லாந்து 935 பெற்று வென்றிருக்கும். குழல் பிழைக்கவில்லை, குண்டு பிழைக்கவில்லை, மருந்து பிழைக்கவில்லை. நோக்கு மட்டுமே பிழைத்தது. எனினும் மில்னர் துவக்கைக் கீழே வைத்துவிடவில்லை. 34 ஆண்டுகளின் பின்னர், 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவின் 1000 யார்ப் போட்டியில், அறுபது வயதளவில், பிஸ்லி வெளியில் பொற்பதக்கம் பெற்றவர் அவரே.

படையும் காலம் தாழ்த்தி விற்வேர்த்தின் வழிக்கே வந்தது. 1871இல் அது மார்ட்டினி-ஹென்றி றைபிளை ஏற்றபோது, குழல்வாய் 0.45 அங்குலமாகச் சுருங்கியிருந்தது. பின்புறம் தோட்டாவிடும் முறை வந்தமையால் கசடு பற்றிய அச்சம் குறைந்தது. அதனையொத்த 0.45 அங்குல றைபிள்களைத் துருக்கியர் அமெரிக்காவிலிருந்து வாங்கினர். 1877இல் பிளெவ்னாக் கோட்டையை உஸ்மான் பாஷா காத்து நின்றபோது, ஒரு மைலுக்கு அப்பாலிருந்தே அவை ரஷ்யப் படையைத் தாக்கின. நெடுந்தூரச் சூடு விளையாட்டு வெளிக்கே உரியது என்று கருதிய படைத்தலைவர்கள் அன்று தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர்.

அடுத்த மாற்றம் வேதியியலார் அளித்தது. 1884இல் பிரெஞ்சு நாட்டு வியெய் என்பவர் புகையில்லா மருந்தைக் கண்டார். கரிய மருந்தினும் மும்மடங்கு வலிமை வாய்ந்த அம்மருந்து, கசடும் மிகக் குறைவாகவே விட்டது. ஈயக் குண்டு அவ்விரைவைத் தாங்காது உருகித் தேய்ந்ததனால், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த றூபின் வகுத்த முறைப்படி அதற்குக் கடினமான உலோக உறை இடப்பட்டது. பிரான்ஸ் 1886இல் 8 மில்லிமீற்றர்க் குழலை ஏற்றது. பிரித்தானியா 1888இல் 0.303 அங்குலக் குழலை ஏற்றது. முப்பது ஆண்டுகட்கு முன்னர் 0.451 அங்குலத்தையே ‘மிக ஒடுங்கியது’ என்று தள்ளிய படை அது.

ஆயின் ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை இருந்தது. மெற்போர்ட் என்பவர் வகுத்த ஆழமற்ற சுருள்வரிகள் கரிய மருந்திற்கு மிகப் பொருந்தியவை. புகையில்லாக் கோடைற் மருந்தின் கடுஞ்சூட்டில் அவை விரைவில் தேய்ந்தன. ஆகவே, 1895இல் ஆழமான வரிகள் வெட்டப்பட்டு லீ-என்பீல்ட் பிறந்தது.

தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த போர், அதனினும் மெலிந்த குழலின் ஆற்றலைக் காட்டிற்று. போயர் எனப்பட்ட குடியானவர் 7 மில்லிமீற்றர் மவுசர் றைபிளால் நெடுந்தொலைவிலிருந்து சுட்டு ஆங்கிலப் படையைத் திகைக்க வைத்தனர். இப்போர் இலங்கைக்குத் தொலைவானதன்று. 1900இல் இலங்கையிலிருந்தும் தொண்டர்ப் படையினர் அங்கு சென்றனர். அதே ஆண்டில் போர்க் கைதிகளாகப் பிடிபட்ட போயர் ஏறத்தாழ 5000 பேர் கப்பலேற்றப்பட்டு, தியத்தலாவை மலைவெளியில் தங்கவைக்கப்பட்டனர். வெற்றி பெற்ற பிரித்தானியப் படை, தோற்றவர் கைத்துவக்கிலிருந்தே பாடம் கற்றது. 0.276 அங்குலக் குழலுடைய புதிய றைபிளொன்று செய்யப்பட்டு 1913இல் சோதிக்கப்பட்டது. அது தொலைவில் நன்கு சுட்டது. ஆயின் குழல் மிகுதியாகச் சூடேறிற்று, விரைவில் தேய்ந்தது, ஓசையும் அதிர்வும் கடுமையாயின. மறுவாண்டு உலகப் போர் மூண்டமையால், கோடிக்கணக்கில் கையிருந்த 0.303 தோட்டாவே நிலைபெற்றது.

போட்டிக்களத்தின் தீர்ப்பை அப்படியே போர்க்களத்திற்குக் கொண்டுசென்றால் நேரும் கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவில் சேர் சாள்ஸ் றொஸ் என்பவர் செய்த றைபிள்கள் பிஸ்லி வெளியில் பெரும்புகழ் பெற்றன. அவருடைய 0.280 அங்குலத் தோட்டா 1908 முதல் நெடுந்தூரப் போட்டிகளில் முன்னணியில் நின்றது. அவருடைய 0.303 றைபிளுடன் கனடா வீரர் 1911இலும் 1913இலும் மன்னர் பரிசை வென்றனர். இப்புகழை நம்பிக் கனடாப் படைக்கும் அந்த றைபிள் வழங்கப்பட்டது. 1915 ஏப்ரலில் ஈப்ரே களத்தில், சேற்றினுள், விரைந்து சுடவேண்டிய வேளையில் அதன் விசைத்தண்டு இறுகிக்கொண்டது. வீரர் அதனைக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. பலர் அதனை எறிந்துவிட்டு, வீழ்ந்து கிடந்த ஆங்கில வீரரின் லீ-என்பீல்டை எடுத்துக்கொண்டனர். துல்லியத்துக்காக இறுக்கமாக அமைத்த பொறி, துல்லியம் வேண்டாத இடத்தில் உயிருக்கு உலையாயிற்று. நல்ல தேர்வு என்பது பொருளில் மட்டும் இல்லை. அது பயன்படும் இடத்திலும் உள்ளது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1954இல் வட அத்திலாந்திக் உடன்படிக்கை நாடுகள் 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவைப் பொது அளவாக ஏற்றன. 1960களின் பிற்பகுதியில் பிஸ்லிப் போட்டியாளரும் 0.303 அங்குலத்தை விட்டு அதற்கு மாறினர். அவ்வளவே இன்றும் பன்னாட்டு நெடுந்தூரப் போட்டிகளுள் முதன்மையானவற்றில் நிலவுகின்றது. 1876இல் கிறீட்மூரில் தொடங்கிய பல்மாப் போட்டியும் இதனாலேயே 800, 900, 1000 யார்த் தொலைவுகளில் நடைபெறுகின்றது.

அவ்வாறாயின், தொலைவிற்கு மிகச் சிறந்தது 7.62 மில்லிமீற்றர்தானா எனில், அன்று. விற்வேர்த் காட்டிய வழியில் இன்னும் ஒரு படி செல்ல இடமுண்டு. 2007இல் அறிமுகமான 6.5 மில்லிமீற்றர்த் தோட்டாவொன்று, 1874ஆம் ஆண்டுப் போட்டி நிகழ்ந்த கிறீட்மூரின் பெயரையே தாங்கியுள்ளது. அதன் குண்டு 140 கிறெயின். போட்டிக்குரிய 7.62 மில்லிமீற்றர்க் குண்டு 155 கிறெயின். எடையில் சற்றுக் குறைந்தும் முகம் மிகச் சிறுத்துள்ளமையால், அதே பரப்புக்கு அது தாங்கும் எடை ஐந்திலொரு பங்குக்கு மேல் கூடுதலாகும். மணிக்குப் பத்து மைல் விரைவில் குறுக்கே வீசும் காற்று, 1000 யாரில் 7.62 மில்லிமீற்றர்க் குண்டை ஏறத்தாழ எட்டடி தள்ளுமாயின், இதனை ஆறடியளவே தள்ளும். தோளில் உதைப்பும் குறைவு. மேலும், குண்டின் விரைவு ஒலியின் விரைவுக்குக் கீழே தாழும் வேளையில் அது தள்ளாடத் தொடங்குதல் உண்டு. 7.62 மில்லிமீற்றர்க் குண்டு 1000 யாரை எட்டும்போது அவ்வெல்லைக்கு மிக அருகில் வந்துவிடுகின்றது. மெலிந்த குண்டோ இன்னும் விரைவு எஞ்சியதாகவே சென்று சேர்கின்றது.

இங்கும் விலை உண்டு. சிறு துளை வழியே மிகுந்த மருந்து எரியுமிடத்து, குழலின் தொண்டை விரைவில் அரிக்கப்படும். 7.62 மில்லிமீற்றர்க் குழல் பல ஆயிரம் சூடுகளைத் தாங்கும். மெலிந்த குழலோ அதனினும் மிகக் குறைந்த சூடுகளிலேயே மாற்ற வேண்டியதாகும். பருத்தது நெடுநாள் உழைக்கும். மெலிந்தது தொலைவில் சிறக்கும். இரண்டையும் ஒருங்கே தரும் குழலை 1854 முதல் இன்றுவரை எவரும் கண்டிலர். எனவே, குழலளவைத் தேர்தல் என்பது எதைப் பெறுவது என்று தேர்தலன்று. எதை இழக்க ஒருப்படுவது என்று தேர்தலே.

இவ்வளவு அறிந்தபின்னும் பழைய போட்டிகள் 7.62 மில்லிமீற்றரை விடாதிருப்பதன் காரணம் யாது? எல்லாருக்கும் ஒரே குழலளவு என விதித்துவிட்டால், செல்வமுடையவன் புதிய குழல் வாங்கி வெல்லுதல் கூடாது. எஞ்சுவது சுடுவோரின் திறன் ஒன்றே. அத்திறனில் பெரும்பகுதி காற்றை அறிதலாகும். வெளியில் நாட்டிய கொடிகளின் அசைவையும், வெயிலில் நெளியும் கானலையும் கண்டு, எட்டடி தள்ளப்போகும் காற்றை எட்டடியாகவே கணித்தல் வேண்டும். ஆறடி என்று கணித்தவனுக்கு நடுவட்டம் இல்லை.

இவ்வறிவு கல்முனைக் கரைக்குப் புதியதன்று. கச்சான் காற்று எழும் பொழுதையும் வாடை திரும்பும் பொழுதையும் நோக்கியே வள்ளம் இறக்கும் மீனவர், முகத்தில் படும் காற்றைக் கொண்டு கடலின் நிலையைக் கூறுவர். சூடடித்த நெல்லைத் தூற்றும் வேளாளர், காற்றின் திசைபார்த்தே சுளகை உயர்த்துவர். எதனையும் எறிபவன் காற்றைக் கேட்டே எறிதல் வேண்டும் என்பது அவர் வழிவழி அறிந்த பாடம்.

மான்செஸ்டர்க் கூடத்தின் கடதாசித் திரைகளில் விழுந்த துளைகள் ஓர் உண்மையை உணர்த்தின: பருமை வலிமையன்று, அளந்தறிந்த ஒடுக்கமே நெடுந்தூரம் செல்லும். மீரட்டும் ஈப்ரேயும் அதனோடு மற்றோர் உண்மையைச் சேர்த்தன: அளவு வகுப்போர், அதனைக் கையில் ஏந்துபவரையும் அவர் நிற்கும் நிலத்தையும் மறத்தலாகாது. கிறீட்மூர் மூன்றாவதைச் சொல்லிற்று: குழல் எவ்வளவு செம்மையாயினும், எக்குறியை நோக்குகின்றோம் என்பதை மனிதனே அறிதல் வேண்டும். துவக்கின் கொடுமையை நேரிற் கண்ட இக்கிழக்குக் கரை, அம்மூன்றாவது உண்மையை எவரினும் நன்கு அறியும். கடதாசிக் குறியின் முன்னே மட்டும் துவக்குகள் பேசும் காலம் நிலைக்குமாயின், சவளக்கடை வயல்வெளியில் காற்றின் ஓசையன்றி வேறோசை எழ வேண்டியதில்லை.